வீட்டில் செய்த 12 அங்குல டெலஸ்கோப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் ஒரு வட்டக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்து, பதினான்கு மாதம் கழித்து அதன் வழியாக சனிக்கிரகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, பைக் சர்வீசுக்கு விடப் போனாலும் சரி, ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்லி பாதியை விட்டுவிடுகிறேன், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

12 அங்குலம் என்பது எது? குழாயின் நீளமா?

நீளம் இல்லை, அடியில் படுத்திருக்கும் குழியாடியின் விட்டம். நான் செய்தது நியூட்டன் வகை டெலஸ்கோப். வெளிச்சம் மேலிருந்து உள்ளே வந்து, அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியில் பட்டுக் குவிந்தபடியே மேலே திரும்பும். வழியில் 45 டிகிரி சாய்வாக ஒரு சின்ன தட்டைக் கண்ணாடி இருக்கும், அது வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், அங்கே ஐபீஸை, அதாவது பார்க்கிற சின்ன லென்ஸ் குழாயை வைத்துக் கண்ணை வைக்கிறோம். அவ்வளவுதான் கருவி. மீதியெல்லாம் இந்த இரண்டு கண்ணாடியையும் அசையாமல் பிடித்துக்கொள்கிற மரமும் குழாயும்.

விட்டம் ஏன் முக்கியம் என்றால், அதுதான் எவ்வளவு வெளிச்சம் அள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல இருட்டில் நம் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அதுவும் குறையும். 300 மி.மீ. கண்ணாடி அதைப்போல 1800 மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்கிறது.

எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், ஆனால் இதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. பெரிய கண்ணாடியின் குவியத் தூரத்தை, அதாவது அதிலிருந்து வெளிச்சம் குவிகிற புள்ளி வரை உள்ள தூரத்தை, ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் மடங்கு. என்னுடையது 1500 மி.மீ., 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 60 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 150. ஐபீஸை மாற்றி 500 மடங்குகூட வைக்கலாம், கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி வியாழன் ஆடும். காற்று அமைதியாக இருக்கிற இரவில் 250, மிஞ்சிப்போனால் 300.

ஏன் 12? செய்வதுதான் செய்கிறோம், 16 அல்லது 20 அங்குலமாகச் செய்யலாமே?

செய்யலாம். உலகத்தில் செய்திருக்கிறார்கள். 1845இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு தன் கோட்டைத் தோட்டத்தில் 72 அங்குல உலோகக் கண்ணாடி வைத்து ஒன்று கட்டினார், அதில்தான் எம்51 என்கிற விண்மீன் மண்டலத்தின் சுருள் கைகளை முதன்முதலாகப் பார்த்தார். ஆனால் அவரிடம் கோட்டையும் ஆட்களும் இருந்தார்கள், அது நகர்ந்து எங்கேயும் போக வேண்டியதும் இல்லை.

உங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறது. அளவை முடிவு செய்ய வேண்டியது அதுதான், உங்கள் ஆசை அல்ல. கண்ணாடிப் பெட்டியை நீங்கள் ஒருவரே, யாரையும் எழுப்பாமல், இரவு பதினொன்றுக்கு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போக முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் முதல் மாதம் பத்து முறை வெளியே எடுப்பீர்கள், ஆறாவது மாதம் அதன் மேல் துணி காயும். என் டெலஸ்கோப்பில் கனமான ஒற்றைத் துண்டு 18 கிலோ. அதற்கு மேல் என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்று ஐபீஸின் உயரம். என்னுடையது நேர் மேலே பார்க்கும்போது ஐபீஸ் தரையிலிருந்து சுமார் 147 செ.மீ.யில் நிற்கும், நின்றபடி பார்க்கலாம், குழந்தைகளுக்கு ஒரு முக்காலி போதும். 20 அங்குலத்தில் எஃப் 5, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு என்று செய்தால் அந்தத் தூரமே 2500 மி.மீ., ஏணி வேண்டும். கும்மிருட்டில், பாட்டியை ஏணியில் ஏற்றி, “எதையும் பிடிக்காம பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள்.

கடையில் வாங்குவதைவிட மலிவா?

8 அங்குலம் வரை கடையில் வாங்கிவிடுங்கள், செய்தால் மிச்சம் ஆகாது. 12க்கு மேல்தான் செய்வதில் லாபம், அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாவிட்டால். என் செலவில் பாதிக்கு மேல் போனது ஐபீஸ், அதை முன்பின் நகர்த்தும் ஃபோகசர், சின்ன தட்டைக் கண்ணாடி, அலுமினியக் கோட்டிங் இந்த நான்குக்கும்தான். கண்ணாடிக் கட்டியும் பொடிகளும் பிளைவுட்டும் அவ்வளவு ஆகவில்லை.

என்ன கண்ணாடி? எங்கே கிடைக்கும்?

போரோசிலிகேட் கிடைத்தால் அது, சமையலறை பைரெக்ஸ் பாத்திர வகை. சாதாரண ஜன்னல் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும், அதனால் தேய்த்துவிட்டு அளந்து பார்க்கக் காத்திருக்கும் நேரம் மிச்சம். கிடைக்காவிட்டால் 19 மி.மீ. தடிமன் உள்ள சாதாரண ஃப்ளோட் கண்ணாடியிலும் செய்யலாம், கடைக்காரரிடம் டஃபன் பண்ணாதது (சூடாக்கிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்தாதது) வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். டஃபன் பண்ணியது உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருக்கும், தேய்க்கத் தேய்க்க வடிவம் மாறும், சில சமயம் வெடித்தே போகும். என்னுடையது 25 மி.மீ. போரோசிலிகேட், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

கையாலேயா குழி போட்டீர்கள்? மெஷின் இல்லாமலா?

கையால்தான். நம்பாதவர்களை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் டிரம்மைக் காட்டுவேன்.

தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் டிரம், மேலே ஒரு பலகை, அதன் மேல் ‘டூல்’. டூல் என்பது கண்ணாடி அளவுக்கே ஒரு வட்டம். பல் டாக்டர்கள் அச்செடுக்கும் டென்டல் ஸ்டோனை வட்டமாக வார்த்து, மேலே பாத்ரூம் டைல்ஸ் துண்டுகளை எபாக்சியில் ஒட்டியது. அதில் 80ஆம் நம்பர் சிலிகான் கார்பைடு பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, மேலே கண்ணாடியை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். நாலைந்து தள்ளுக்கு ஒரு தடவை கண்ணாடியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், நீங்களும் டிரம்மைச் சுற்றி ஒரு அடி நகர வேண்டும். எதுவும் ஒரே இடத்தில் தேயாமல் இருக்கத்தான் இந்தப் பிரதட்சிணம். இப்படிச் செய்தால் மேலே இருக்கும் கண்ணாடி நடுவில் குழியும், கீழே இருக்கும் டூல் நடுவில் மேடாகும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்: மேல் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அதன் எடை முழுக்க டூலின் விளிம்பில்தான் இறங்குகிறது, அந்த விளிம்பு கண்ணாடியின் நடுப்பகுதியைத்தான் சுரண்டுகிறது.

சத்தத்தை வைத்தே வேலையைத் தெரிந்துகொள்ளலாம். புதுப் பொடி போட்டதும் வாணலியில் கல் உப்பு வறுக்கிற மாதிரி கரகர என்று கேட்கும், ஐந்து நிமிடத்தில் பொடி நொறுங்கி ரவை வறுக்கிற சத்தமாகி, அப்புறம் சும்மா வழுக்கும். கழுவிவிட்டு மறுபடி பொடி. கணக்குப்படி நடுவில் வேண்டிய ஆழம் 3.75 மி.மீ. தான், ஆனால் அதற்கே எனக்குப் பன்னிரண்டு மாலை ஆனது. கண்ணாடி மேல் ஒரு எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நடுவில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான மெக்கானிக் கடை ஃபீலர் கேஜை நுழைத்து அளந்துகொண்டே வந்தேன்.

அதற்கப்புறம் 120, 220, 320, 500 என்று பொடி சன்னமாகிக்கொண்டே போகும், பிறகு 9 மைக்ரான், 5 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தின பொடி போட்ட குழிகள் எல்லாம் மறைந்துவிட்டனவா என்று நகைக்கடை லூப்பில் பார்க்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சாய்வு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், அது தேய்ந்து மறைந்தால் விளிம்பு சில்லுச் சில்லாக உடையும்.

கழுவிய தண்ணீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். அடியில் படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். எங்கள் வீட்டில் பிளம்பர் வந்து போன கதையை எழுத எனக்கு அனுமதி இல்லை.

வடிவம் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்து முடித்ததும் கண்ணாடி பால் நிறத்தில் மங்கலாக இருக்கும். பிட்ச் என்கிற தார் மாதிரியான பிசினை டூல் மேல் வார்த்து, சதுரம் சதுரமாக வெட்டி, சீரியம் ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துப் பாலிஷ் போட்டால் தெளிந்து வரும். அப்போது கிடைப்பது கோள வடிவம், ஒரு பெரிய பந்தின் மேல்தோலில் ஒரு துண்டு. நமக்கு வேண்டியது பரவளையம். கோளத்தில் விளிம்பு வெளிச்சம் ஒரு இடத்திலும் நடு வெளிச்சம் இன்னொரு இடத்திலும் குவியும், பரவளையம்தான் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும். என் கண்ணாடியில் இரண்டு வடிவங்களையும் நடுவில் ஒட்டி வைத்தால் விளிம்பில் இருக்கும் வித்தியாசம் 2.3 மைக்ரான், தலைமுடி தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. அதிலும் பிழை 70 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும், அது முடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம் என்பதுதான் ஆச்சரியம். ஊசலை வைத்து பூமி சுழல்வதைக் காட்டிய ஃபூக்கோ 1850களின் கடைசியில் சொன்ன முறை. கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, மூன்று மீட்டர் தள்ளி ஒரு சின்ன பிளவு வழியாக எல்இடி வெளிச்சம், பக்கத்தில் ஒரு சவர பிளேடு. திரும்பி வந்து குவிகிற வெளிச்சத்தை பிளேடால் மெல்ல வெட்டிக்கொண்டே பின்னாலிருந்து பார்த்தால், கண்ணாடியின் மேடுபள்ளம் எல்லாம் நிலவின் மேல் விழும் நிழல் மாதிரி எழுந்து நிற்கும். பரவளையம் நெருங்கும்போது அது மெதுவடை மாதிரி தெரியும், நடுவில் பள்ளம், சுற்றி உப்பல். நடுவுக்கும் விளிம்புக்கும் பிளேடை எவ்வளவு முன்பின் நகர்த்த வேண்டியிருக்கிறது என்பதை அளந்தால் வடிவம் கணக்கில் வந்துவிடும், என் கண்ணாடிக்கு அது 7.5 மி.மீ.

ஒரு நாள் சந்தேகப்பட்டு, கட்டைவிரலைக் கண்ணாடியில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு பிளேடுக்குப் பின்னால் ஓடி வந்து பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று. என் உடம்புச் சூட்டில் கண்ணாடி விரிந்து உப்பியிருக்கிறது, கண் முன்னாலேயே அது மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பாலிஷ் போட்டுவிட்டு உடனே அளப்பதை விட்டுவிட்டேன், காபி குடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான்.

எங்கெல்லாம் சொதப்பினீர்கள்?

500ஆம் நம்பரில் இருக்கும்போது ஏப்ரன் பாக்கெட்டிலிருந்தோ நகக்கண்ணிலிருந்தோ ஒரே ஒரு 80ஆம் நம்பர் மணி விழுந்திருக்கிறது. ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், குறுக்கே நாலு அங்குலக் கீறல். திரும்ப 220க்குப் போனேன், இரண்டு வாரம் போச்சு. இப்போது பொடிக்குப் பொடி வேறு வாளி, வேறு ஸ்பாஞ்சு, வேறு சட்டை.

அடுத்தது மே மாதத்தில் பாலிஷ் போட்டது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்து அவர்கள் சொன்ன பிட்ச்சையே வாங்கினேன், அது 20 டிகிரி அறைக்கு உரியது. நம்ம ஊர் 38 டிகிரியில் அது அல்வா. டூல் வழிந்து கண்ணாடி விளிம்பை மடித்துச் சரித்துவிட்டது, ஓரம் சரிந்த கண்ணாடியில் நட்சத்திரம் புள்ளியாகவே வராது. கெட்டியான ரக பிட்ச் வாங்கி, மார்கழியில் விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து சரிசெய்தேன், பெருமாள் கோயில் ஸ்பீக்கர் துணை.

மேலே அந்தப் பளபளப்பு எப்படி வந்தது?

வெற்றிடப் பெட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைப்பார்கள், சுமார் 100 நானோமீட்டர் தடிமன். இதை வீட்டில் செய்ய முடியாது, கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நான் கொடுத்த இடத்தில் முதல் தடவை அச்சாக ஒரு பெருவிரல் ரேகையோடு திரும்பி வந்தது, யாருடையது என்று இன்றுவரை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். கூரியரை நம்பாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர், “என்ன சார், சாமி படமா?” என்றார். ஆமாம் என்றேன், லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை.

மரவேலை கஷ்டமா?

இல்லை. கதவு மாட்டத் தெரிந்த ஆசாரி பக்கத்தில் இருந்தால் மூன்று வாரம். என்னுடையது டாப்சோனியன் வகைத் தாங்கி: பீரங்கியை வண்டியில் வைத்தது மாதிரி மேலும் கீழும் சாயும், பக்கவாட்டில் சுழலும், வேறு ஒன்றும் கிடையாது. 18 மி.மீ. மரைன் பிளைவுட், எட்டு அலுமினியக் குழாய், சுற்றி வெளிச்சம் நுழையாமல் கறுப்புக் குடைத் துணி, உள்ளே கரும்பலகை பெயின்ட்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உரசுகிற இடத்தில் பால் பேரிங் போடாதீர்கள். சொரசொரப்பான சன்மைக்கா மேல் டெஃப்லான் துண்டு உட்கார வேண்டும், சுண்டுவிரலால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். பேரிங் போட்டால் காற்று அடித்தாலே ஓடும். ஐபீஸ் மாற்றும்போது மூக்கு சாய்ந்தால் பின்பக்கம் காந்தத்தோடு ஒரு எடைக்கல், மளிகைக்கடைச் சரக்குதான்.

கண்ணாடிக்கு அடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த அளவுக் கண்ணாடி தன் எடையிலேயே வளையும், ஒன்பது புள்ளிகளில் சமமாகத் தாங்க மூன்று முக்கோணத் தகடுகள் வைத்த அடித்தாங்கி செய்ய வேண்டும்.

டாப்சன் யார்?

ஜான் டாப்சன், 1915இல் பீஜிங்கில் பிறந்தவர், 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் வழி வந்த வேதாந்த சங்கத்தில் துறவியானார். மடத்தில் இருந்துகொண்டே கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்து, தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய், போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். அதனாலேயே 1967இல் மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. 2014இல் 98 வயதில் இறக்கும்வரை தெருவோரத்தில் காட்டிக்கொண்டேதான் இருந்தார். என்னைக் கேட்டால் மடத்தை விட்டுத்தான் போனார், தொண்டு செய்வதை விடவில்லை.

நம் ஊர் வானத்துக்கு என்று ஏதாவது மாற்ற வேண்டுமா?

டாப்சோனியனால் நேர் உச்சியில் இருப்பதைப் பின்தொடர்வது சிரமம், கொஞ்சம் நகர்த்தப் பெட்டியையே பாதிச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் கிரகங்கள் உச்சிக்கு வருவதே இல்லை, அதனால் அங்கே யாரும் இதைப் பெரிதாக எழுதுவதில்லை. நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகை, வியாழனும் சனியும் பல வருடங்களில் நம் தலைக்கு மேலேயே கடக்கும். உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியைப் புழுக்கமான மாடிக்குக் கொண்டுபோனால் ஐஸ் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் மூடியை இறுக்கமாகச் செய்யுங்கள், உப்புக் காற்று கோட்டிங்கைத் தின்றுவிடும்.

என்னதான் தெரியும்? படத்தில் வருகிற மாதிரி கலராக இருக்குமா?

இருக்காது. நெபுலாக்கள் என்கிற விண்வெளி வாயு மேகங்கள் சாம்பல் நிறம்தான், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் சனியின் வளையத்துக்கு நடுவே காசினி இடைவெளி கறுப்பு நூல் மாதிரி தெரியும். எங்கள் மாமாவின் தோட்டம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது, அங்கே இருட்டில் எம்51இன் சுருளைப் பார்க்கலாம், நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால்.

எனக்குப் பிடித்தது ஒமேகா சென்டாரி. பல லட்சம் நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்டது. லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே கிடையாது, நமக்கு ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே 32 டிகிரி உயரத்தில் வந்து நிற்கும். முதலில் ஒரு புகைத் திட்டு, கண் பழகப் பழகச் சர்க்கரையைக் கறுப்புத் துணியில் கொட்டிய மாதிரி மணி மணியாகப் பிரியும். எங்கள் அத்தை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் மாமாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

போட்டோ எடுக்கலாமா?

நிலாவையும் கிரகங்களையும் செல்போனை ஐபீஸில் வைத்து எடுக்கலாம். மற்றதற்கு வானத்தோடு சேர்ந்து சுழலும் மோட்டார் தாங்கி வேண்டும், அது வேறு செலவு, வேறு பைத்தியம்.

சூரியனை?

கூடவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும். பகலில் மூடியில்லாமல் வெளியே வைப்பதுகூட ஆபத்து, குவிந்த வெயில் துணியைப் பற்றவைக்கும்.

ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை நேர்செய்ய வேண்டுமாமே?

ஆமாம், பிரித்து மாட்டுகிற டெலஸ்கோப் என்றால் ஒவ்வொரு தடவையும். அடிக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று திருகு, மேலே சின்னக் கண்ணாடிக்கு மூன்று. முதல் நாள் முக்கால் மணி நேரம் வியர்த்தேன், இப்போது இரண்டு நிமிடம். அடிக் கண்ணாடியின் நட்ட நடுவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அந்த இடம் சின்னக் கண்ணாடியின் நிழலில்தான் இருக்கிறது, நஷ்டம் ஒன்றும் இல்லை.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்காது. மூடி போட்டு, உள்ளே சிலிகா ஜெல் வைத்து, கண்ணாடி கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள், ஐபீஸ்களையும் பூஞ்சை பிடிக்காத டப்பாவில். தூசி விழுந்தால் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள், கொஞ்சம் தூசியால் ஒன்றும் கெடாது. வருடத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போட்டு, தேய்க்காமல் பஞ்சை மிதக்கவிட்டுக் கழுவினால் போதும்.

அடுத்து 16 அங்குலமா?

கண்ணாடிக் கட்டி வாங்கி ஷெட்டில் வைத்தாகிவிட்டது. போன வாரம் டேப் எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தை அளந்தேன், 74 செ.மீ. இருக்கிறது. நான் வரைந்த பெட்டி 71. என் மனைவி கைப்பிடிச் சுவரையும் சேர்த்து அளந்தீர்களா என்று கேட்டார், இன்னும் இல்லை.